இதுதானா

தங்கச்சிமடம் ஐஸ் கம்பெனியில்
ஒரு பாளம் ஐம்பது கிலோ.
வண்டியில் ஏற்றுவதற்குள்
ஒரு கிலோ என் முதுகில் வழிந்துவிடும்.
அந்தத் தண்ணீர்தான் உள்ளே இறங்கி
எலும்பிடுக்கில் உறைந்து கிடக்கிறது என்று
நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.
சிரித்து முடித்து நிமிர்கிற இடத்தில் பிடிக்கும்.

குனிந்தால் சும்மா இருக்கும்,
நிமிர்ந்தால்தான்.
யார் முகத்தையும் பார்த்துப் பேசாத ஆளாக
ஆகிவிட்டாய் என்று
ஜெபமாலை மட்டும் சொல்வாள்.
அவள் சிரிப்பதில்லை.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில்
காப்பீட்டு அட்டைக்கு ரேகை கேட்டார்கள்.
பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன்.
கயிறு கொஞ்சம், ஐஸ் கொஞ்சம் தின்றது போக
விரலில் ஒன்றும் மிச்சமில்லை.
கித்தேரியான் என்று யாரும் இல்லை என்றது மெஷின்.
அப்புறம் கண்ணைக் காட்டச் சொன்னார்கள்.
நல்லவேளை, கண் இருந்தது.

கத்தியே கிடையாது என்றார் கீழக்கரை டாக்டரம்மா.
ஃபர்ஹானா. என் மகள் வயசு.
முதுகெலும்பில் ஒன்றோடொன்று உரசும் மூட்டு,
அதிலிருந்து சேதி கொண்டுபோகும் நரம்பு
தூண்டில் நரம்பைவிட மெல்லிசு.
அதை மட்டும் ஊசி முனையால் சுட வேண்டுமாம்.
"மூட்டு தேஞ்சது தேஞ்சதுதான் ஐயா.
அது கத்துறது உங்களுக்குக் கேக்காமப் பண்றோம்."

குப்புறப் படுத்தேன். முழு மயக்கம் இல்லை,
தோல் மட்டும் மரத்திருந்தது.
வில்லாக வளைந்த எக்ஸ்ரே மெஷினை
முனியசாமி நேரே நிறுத்தினார், ஒரு படம்.
சாய்த்து நிறுத்தினார், இன்னொரு படம்.
எனக்குப் புரிந்துவிட்டது.
பாரில் வலை கிழியாமல் இருக்க
லைட்ஹவுசை ஒற்றைப் பனையோடும்
மாதா கோயில் உச்சியைத் தண்ணீர்த் தொட்டியோடும்
சேர்த்துப் பிடித்து,
இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்
என்ஜினைத் தணிப்போம்.
கடலுக்கடியில் கிடக்கும் கல்லுக்கு
அடையாளம் கரையில்.
"கணியம் பாக்குறீங்க" என்றேன், தலையணைக்குள்.
"பேசாதீங்க, அசையுது" என்றார்.

பிறகு ஊசி வழியாகத் துளி மின்சாரம்.
"இதுதானா உங்க வலி?"
இல்லை, அது தொடையில்.
ஊசி ஒரு நெல்லளவு நகர்ந்தது.
"இதுவா?"

இதே கேள்வியை முன்பொருமுறை கேட்டிருக்கிறார்கள்.
அக்கரையில், பிடிபட்ட படகுகள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த துறையில்.
கையில் தாளோடு ஓர் அதிகாரி
இதுதானா உங்க போட்டு என்றார்.
நம்பர் அழிந்திருந்தது, பெயிண்டு உரிந்திருந்தது.
அணியத்தில் பாதித் தண்ணீர்.
பின்பக்கம் நானே அடித்த தகர ஒட்டு,
ஏழு ஆணி, ஒன்று கோணல்.
ஆமாம் என்றேன்.
எழுதிக்கொண்டார்.
அது அங்கேயேதான் கிடக்கிறது.
ஐஸ் அதற்குப் பிறகு வந்தது.

"இதுவா ஐயா?"
இடது இடுப்புக்கு மேலே, நாலு விரல் உள்ளே,
நிமிரும்போது பிடிக்கிற இடத்தில்
அதே கோணல் ஆணி.
ஆமாம் என்றேன்,
தொலைந்த ஒன்று கிடைத்தவன் மாதிரி.

எண்பது டிகிரி, தொண்ணூறு வினாடி,
மூன்று இடம்.
ஐஸ்காரரை வேகவைச்சு குணமாக்குறோம் என்று
முனியசாமிதான் சொன்னார்.
சிரிக்க முடியவில்லை. ஊசி உள்ளே இருந்தது.

ஒரு வருஷத்தில், ஒன்றரை வருஷத்தில்
நரம்பு திரும்ப முளைக்கலாமாம்.
முளைத்தால் வாங்க, மறுபடி சுடலாம் என்றார்கள்,
முடிவெட்டுகிறவர் சொல்வதைப் போல.

சாயங்கால பஸ்ஸில் ஜெபமாலை
சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.
மூன்று பிளாஸ்திரி.
இம்புட்டுத்தானா என்றாள்.

பாம்பன் பாலம் வந்ததும் எழுந்து நின்றேன்,
கம்பியைப் பிடிக்காமல்.
கீழே நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருந்த
அத்தனை போட்டுகளின் பின்பக்கத்தையும்
பழக்கத்தில்
ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.